மேல்தட்டில் இருந்த பாட்டில்

ஷூவைத்தானே பாக்குறீங்க? பாருங்க, தப்பில்ல. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுலயே ரெண்டு பேரு பாத்துச் சிரிச்சாங்க. சுங்குடிச் சேலைக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ. பி.டி. டீச்சர்னு நெனச்சிருப்பீங்க. நான் கெமிஸ்ட்ரி. யுனிவர்சிட்டில புரொஃபசர். பேரு மங்கையர்க்கரசி. வர்ற மே மாசம் ரிட்டயர் ஆகுறேன்.

நீங்க எதுவரைக்கும்? அருப்புக்கோட்டையா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. முழங்கையை மட்டும் உள்ள வச்சுக்கங்க. லாரிக்காரன் எப்படி வருவான்னு சொல்ல முடியாது. பாருங்க, நான் இப்படியெல்லாம் பேசுற ஆளே இல்ல. ஒருத்தர் என்னை இப்படி ஆக்கிட்டாரு. அவர் பேரு குரூஸ். தூத்துக்குடிப் பக்கம். ஏதோ ஒரு எண்ணெய்க் கம்பெனில தீயணைப்புப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவரு. வீட்டுல இருந்து பேரப்பிள்ளைகளப் பாத்துக்கிட்டு மீன் சாப்பிட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதானே. எங்க யுனிவர்சிட்டில சேஃப்டி ஆஃபீசர்னு புதுசா ஒரு வேலை போட்டாங்க, ஒப்பந்தத்துல வந்து சேந்தாரு.

எங்களுக்கு எதுக்குங்க சேஃப்டி ஆஃபீசர்? இவரு கம்பெனில தீ அணைக்கக் கத்துக்கிட்ட காலத்துலயே நான் லேபுக்குள்ள காலடி வச்சாச்சு. ஆசிட்டும் கையுமாவே வாழ்ந்தவ நான். எங்க லேபுல இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஒரு தடவை ஒரு பையன் புருவம் கருகுச்சு. அது வளந்துடுச்சு. இன்னொரு தடவை ஸ்டோர் ரூம்ல லேசாப் பத்திக்கிச்சு, நாங்களே மணலைப் போட்டு அணைச்சுட்டோம். அதையெல்லாம் கணக்குல எடுத்துக்க முடியுமா?

இவரு வந்த அன்னைக்கே என் லேபுக்கு வந்தாரு. கட்டையான ஆளு, நீலக் கோட்டு, குரல் இருக்கே, பக்கத்துல நின்னாலே பாதிதான் கேக்கும். திட்டினா திருப்பித் திட்டலாம். இவரு திட்ட மாட்டாரு. எதைச் சொன்னாலும் கடைசில "தேங்க்யூ மேடம்"னு முடிப்பாரு. அதுதாங்க எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

முதல்ல கை வச்சது என் ஃபிரிட்ஜுல. லேபுல ஒரு ஃபிரிட்ஜ் இருக்கும், கெமிக்கல் வைக்கிறதுக்கு. அதுல ஒரு ஓரமா என் மத்தியானத் தயிர்சாதமும் ஒரு பந்து மல்லிகைப்பூவும் இருக்கும். காலைல வாங்குற பூ சாயங்காலம் கோயிலுக்குப் போறப்ப வாடாம இருக்கணும்ல. இவரு கதவைத் திறந்து பாத்துட்டு, "மேடம், இந்தப் பூ ஈதர் பாட்டில் பக்கத்துல இருக்கு"ன்னாரு. "ஆமா, ஈதர் வாசனைக்குப் பூ வாசனை பரவால்லதானே"ன்னேன். சிரிக்கலங்க அந்த மனுஷன். மறுநாள் ஃபிரிட்ஜ் மேல 'உணவுப் பொருள் வைக்கக்கூடாது'ன்னு ஒட்டியிருந்தாரு. அதுக்குக் கீழ 'நன்றி'.

நான் என்ன பண்ணேன்? பூ உணவுப் பொருள் இல்லன்னு பூவை மட்டும் வச்சேன். அடுத்த நாள் 'பூ'வும் எழுதிட்டாரு.

அப்புறம் இந்த ஷூ. பாதம் முழுசா மூடியிருக்கணுமாம். பசங்க போடட்டும், நான் எதுக்குன்னு கேட்டேன். "ஆசிட்டுக்குப் புரொஃபசர் யாருன்னு தெரியாது மேடம்"ன்னாரு. வயசான காலத்துல நான் கடைக்குப் போய், எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு சிரிக்கச் சிரிக்க இந்த ஷூவை வாங்குனேன். கண்ணாடி வேற. மூக்குக்கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி. கழட்டினா பொட்டு அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும். போதாததுக்கு, ஆசிட் மேல பட்டா ஓடிப் போய் நிக்க அவசர ஷவர்னு ஒண்ணு வாசல்ல இருக்கு, திங்கக்கிழமையானா அதைத் திறந்து விட்டுச் சோதிப்பாரு. தரையெல்லாம் தண்ணி. திங்கக்கிழமை எனக்கு முதல் கிளாஸ். சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நான் தாண்டித் தாண்டிப் போறதப் பசங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

ஒரு நாள் பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன், மணி அடிக்குது. தீ விபத்து ஒத்திகையாம். எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போகணுமாம். நான் போகல. நெஜத் தீ வந்தா போறேன்னு போர்டுல எழுதிக்கிட்டே இருந்தேன். பசங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க. காலி பெஞ்சுக்குப் பாடம் நடத்துனேன், தெரியுமா? கொஞ்ச நேரம் கழிச்சு இவரு வந்து கதவுல நின்னு, "மேடம், கணக்குப்படி நீங்க இறந்துட்டீங்க. தேங்க்யூ"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அன்னைக்கு ரிஜிஸ்ட்ரார்கிட்ட நேரா போனேன். "இந்த ஆளு இருந்தா ஆராய்ச்சி நடக்காது, பூஜைதான் நடக்கும்"னு சொன்னேன். அவரும் பாக்கலாம் மேடம், ஒப்பந்தம் முடியட்டும்னாரு. எனக்கு ஒரே நிம்மதி.

உங்க வீட்ல கேஸ் டியூப் எப்ப மாத்துனீங்க? ஞாபகம் இல்லையா? போனதும் மாத்துங்க. அதுல வருஷம் போட்டிருப்பான். சும்மா சொன்னேன், கதைக்கு வர்றேன்.

என் லேபுல ரஹ்மத் நிஷான்னு ஒரு பொண்ணு, பிஎச்.டி. பண்ணுது. கெட்டிக்காரி. கொஞ்சம் பயந்த சுபாவம், நான் என்ன சொன்னாலும் அப்படியே செய்யும். அவங்க அம்மா மேலூர்ல தையல் கடை வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணோட மேசைக்கு நேர் மேல ஒரு மர அலமாரி. அதுக்கு மேல்தட்டுல பழைய பாட்டிலா நிறைய இருக்கும். எனக்கு பிஎச்.டி. கைடா இருந்தவர் காலத்துச் சரக்கு. அவர் ரிட்டயர் ஆகும்போது, "மங்கை, இதெல்லாம் பத்திரம், இப்ப இந்தத் தரம் கிடைக்காது"ன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. பழைய கட்டடத்துல இருந்து புதுக் கட்டடத்துக்கு மாறினப்ப மத்ததெல்லாம் டெம்போல வந்துச்சு. இதுகளை மட்டும் கண்ணாடி உடைஞ்சுடக்கூடாதுன்னு ஒரு பையில போட்டு ஆட்டோல மடியில வச்சு நானே கொண்டு வந்தேன். எங்க ரோடு எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. குழியில எறங்கிக் குழியில ஏறும்.

குரூஸ் சாருக்கு அந்த மேல்தட்டு மேல கண்ணு. வரும்போதெல்லாம் அண்ணாந்து பாப்பாரு. "அதுல என்ன மேடம் இருக்கு?"ன்னு கேப்பாரு. "உங்களுக்குத் தெரியாததெல்லாம் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை வந்தாரு. நல்ல மனநிலையில இருந்தேன், என் கட்டுரை ஒண்ணை ஏத்துக்கிட்டதா அன்னைக்குத்தான் தகவல் வந்திருந்துச்சு. சரி, இன்னைக்கு இந்த மனுஷனுக்குப் பாடம் எடுத்தே தீர்றதுன்னு, "வாங்க, ஒவ்வொண்ணாச் சொல்றேன், கேட்டுக்கங்க"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"ஏணி கொண்டு வரச் சொல்றேன் மேடம்"ன்னாரு.

"நீங்க ஏணி கொண்டு வர்றதுக்குள்ள நான் ஏறி எறங்கிடுவேன்"னு ஏறிட்டேன். அந்த ஸ்டூல் லேசா ஆடும். எனக்குப் பழக்கம்தான், எந்தப் பக்கம் ஆடும்னு தெரியும்.

ஒவ்வொரு பாட்டிலாத் தொட்டுத் தொட்டுச் சொல்றேன். பென்சாயிக் ஆசிட், ஒண்ணும் பண்ணாது. சாலிசிலிக் ஆசிட், இதுல இருந்துதான் ஆஸ்பிரின். இது யூரியா, வயலுக்குப் போடுறது. அவரு கீழ நின்னு தலையை ஆட்டிக்கிட்டே இருக்காரு. கடைசில மூலையில ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில், உள்ள மஞ்சளாத் தூள். லேபிள் புழுதி ஏறி ஒண்ணும் தெரியல. போன வாரம்தான் அதை ரஹ்மத்கிட்ட எடுத்துக் குடுத்து, "திறந்து என்னன்னு பாரும்மா"ன்னு சொல்லியிருந்தேன். மூடி திருகவே வரல அதுக்கு. துணியைப் போட்டுத் திருகுச்சு, மேசை விளிம்புல வச்சு ஒரு தட்டும் தட்டுச்சு. "சரி விடு, இன்னொரு நாள் பாக்கலாம்"னு நான்தான் சொன்னேன். அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, நான்தான் விடச் சொன்னேன்.

இப்ப இவரு முன்னாடி தெரியலன்னு சொல்ல முடியுமா? பாட்டிலைக் கையில எடுத்து, முந்தானையை நாக்குல தொட்டு லேபிளைத் துடைச்சேன். கெமிக்கல் பாட்டிலை எச்சில் தொட்டுத் துடைக்கலாமான்னு இவரு கேப்பாருன்னு பாத்தேன், கேக்கல. எழுத்து மெதுவாத் தெரிஞ்சுது. பிக்ரிக் ஆசிட்.

உங்களுக்கு அது என்னன்னு தெரிய வேண்டாம். தண்ணியோட ஈரமா இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். காய்ஞ்சு போச்சுன்னா அது மருந்து இல்ல, வெடி. உரசினாப் போதும், தட்டினாப் போதும். அந்தக் காலத்துல பீரங்கிக் குண்டுக்குள்ள அடைச்சது அதைத்தான். வருஷா வருஷம் ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு நான் நடத்துற பாடம் அது. போர்டுல பெரிசா எழுதி, அடிக்கோடு போடுவேன்.

பாட்டிலை லேசாச் சாய்ச்சேன். உள்ள சரசரன்னுச்சு. தண்ணி ஒரு சொட்டு இல்ல. மூடியோட மரையில மஞ்சளாப் பொடி உக்காந்திருக்கு.

"என்ன மேடம்?"ன்னாரு கீழ இருந்து.

"ஒண்ணுமில்ல"ன்னேன். அப்புறம், "குரூஸ் சார், நீங்க வெளிய போயிடுங்க"ன்னேன். "அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

என் முகத்தைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டேன்னு பின்னாடி எல்லார்கிட்டயும் சொன்னாரு. என் முகத்துல ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நான் பயப்படலங்க. கை மட்டும் கொஞ்சம் வேர்த்துச்சு, அன்னைக்கு ஃபேன் வேலை செய்யல.

அவரு திரும்பி, எப்பவும் பேசுற அதே அரைக் குரல்ல, "பாப்பா, மேடத்துக்கு ஆஃபீஸ்ல ஃபோன் வந்திருக்காம். நீ போய் எடும்மா. அப்படியே பக்கத்து ரூம் பிள்ளைகளையும் டீ சாப்பிடக் கூட்டிட்டுப் போ"ன்னாரு.

ரஹ்மத் விவரமான பொண்ணாச்சே. "மேடத்துக்கு வந்த ஃபோனை மேடம்தானே சார் எடுக்கணும்?"னு கேக்குது.

"நான்தான் உன்னை எடுக்கச் சொல்றேன், போ"ன்னேன் நான். என் குரல் கொஞ்சம் ஒரு மாதிரி வந்திருக்கும்போல. பொண்ணு மூடாத பேனாவோட அப்படியே எந்திரிச்சுப் போயிடுச்சு.

இவரும் போகணும்ல? போகல. வேற யாரையும் உள்ள விடாதீங்கன்னு வெளிய பாத்துச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டு உள்ளயே நிக்கிறாரு. நான் திரும்பவும் சொன்னேன், போங்கன்னு. ஆபத்துன்னா முதல்ல வெளியேறணும்னு எங்க எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்ன ஆளு. நீங்களே சொல்லுங்க, தான் சொன்னதைத் தானே கேக்காத ஆளை என்னன்னு சொல்றது?

அந்த நீலக் கோட்டைக் கழட்டினாரு. நாலா மடிச்சு மேசை மேல வச்சாரு. அப்புறம் வந்து என் ஸ்டூலை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு, ஆடாம. "மேடம், மேல திரும்ப வைக்க வேண்டாம். தட்டுல பாட்டிலோட பாட்டில் உரசும். மெதுவாக் குனிஞ்சு என் கோட்டு மேல வைங்க. அவசரமே இல்ல. நேத்து வீட்ல என்ன சமையல்?"

பாருங்க, கேக்குற கேள்விய. ஆனா எனக்குப் புரிஞ்சு போச்சு, அவருக்குப் படபடப்பு. கம்பெனில இருந்தப்ப இந்த மாதிரி ஏதாவது பாத்திருப்பாரு போல, நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்வை. சரி, பேச்சுக் குடுப்போம், அப்பத்தான் இவரு தைரியமா இருப்பாருன்னு நான் பேசுனேன்.

"வத்தக்குழம்பு"ன்னேன்.

"சுண்டக்காயா?"

"மணத்தக்காளி. சுண்டக்காய் வறுக்கத் தெரியாதவங்க வறுத்தாக் கசக்கும்."

"எங்க வீட்ல எப்பவும் கசக்கும் மேடம். இன்னும் கொஞ்சம் குனியுங்க."

"எண்ணெய் காயுறதுக்கு முன்னாடியே போட்டிருப்பாங்க. நல்லெண்ணெய் நல்லாக் காய்ஞ்சு, தீயைக் குறைச்சு, அப்புறம்தான் வத்தல். நிறம் மாறும் பாருங்க, அப்ப எடுத்துடணும். அதோட சூட்டுலயே மீதி வறுபட்டுடும்."

"புளி?"

"பழைய புளி. புதுப்புளி குழம்புக்கு ஆகாது."

இப்படிப் பேசிக்கிட்டே முட்டியை மடக்கிக் குனிஞ்சேன். முட்டி ஒரு சத்தம் போட்டுச்சு, மடக்குன்னு. அதுக்கே அவரு கண்ணை மூடிட்டாரு பாவம். அப்பளத்துக்கு வந்தப்ப பாட்டில் கோட்டு மேல உக்காந்துடுச்சு. விரலை ஒவ்வொண்ணா எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். 

அந்த நேரத்துல எனக்கு நெனப்புக்கு வந்தது ஒண்ணே ஒண்ணுதான். போன வாரம் ரஹ்மத் மேசை விளிம்புல தட்டுச்சுல்ல, டொக்குன்னு. அந்தச் சத்தம். அது எனக்கு அப்ப கேட்ட மாதிரி இல்ல, இப்ப கேக்குற மாதிரி இருந்துச்சு.

சரி. எறங்கினேன். என் ஹேண்ட்பேக் ஜன்னலோரம் இருந்துச்சு, எடுத்துக்கலாம்னு திரும்பினேன். இவரு என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வெளிய வந்துட்டாரு. ஒரு புரொஃபசரை, கையைப் பிடிச்சு, வராண்டா முழுக்க. பசங்க எல்லாம் பாத்தாங்க. அதை நான் இன்னும் மறக்கல.

அப்புறம் நடந்ததெல்லாம் திருவிழாதான். மணி அடிச்சாரு. கட்டடமே காலியாச்சு. நான் வேப்பமரத்தடில போய் முதல் ஆளா நின்னேன், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. மதியத்துக்கெல்லாம் போலீஸ்ல இருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வந்துட்டாங்க, கூட ஒரு நாயும். அந்த நாய் யாரையும் விட்டுட்டு என்னையே சுத்திச் சுத்தி மோந்து பாத்துச்சு. எனக்கு ஒரே அவமானம். என் முந்தானைல மஞ்சப் பொடி ஒட்டியிருந்ததாம். சேலையை மாத்தச் சொல்லிட்டாங்க. ஹாஸ்டல் வார்டனோட சேலையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பச்சையில ஆரஞ்சுப் பூ.

பாட்டிலை மணல் நிரப்பின பெட்டில வச்சு, நடந்தே கொண்டு போனாங்க, ஹாஸ்டலுக்குப் பின்னாடி வறண்ட கண்மாய்க்கு. குழி வெட்டி, சுத்தி மணல் மூட்டை. எங்களையெல்லாம் ரொம்பத் தள்ளி நிக்க வச்சாங்க. நான் நெனச்சேன், இத்தனை வருஷமாச்சு, புஸ்ஸுன்னு போயிடும், அப்ப குரூஸ் முகத்தைப் பாக்கணும்னு.

புஸ்ஸுன்னு போகலங்க. காலுக்குக் கீழ தரை ஒரு தடவை அசைஞ்சுது, அப்புறம்தான் சத்தமே வந்துச்சு. கருவேல மரத்துல இருந்த கொக்கு எல்லாம் மொத்தமா எந்திரிச்சுது. ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுன்னுச்சு. புழுதி அடங்க நேரமாச்சு. அந்த இன்ஸ்பெக்டர் வந்து, "நல்ல வீரியம் மேடம் இதுக்கு"ன்னாரு. "எங்க கைடு எப்பவுமே தரமான சரக்குத்தான் வாங்குவாரு"ன்னு நான் சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு.

அதுக்குள்ள டி.வி.ல போட்டுட்டானுங்க, யுனிவர்சிட்டில குண்டுன்னு. பெத்தவங்க எல்லாம் ஓடி வர்றாங்க. ரஹ்மத்தோட அம்மாவும் வந்துட்டாங்க, கழுத்துல அளவு நாடா தொங்குது, கழட்ட மறந்து அப்படியே பஸ் ஏறியிருக்காங்க. மகளைக் கட்டிப் பிடிச்சுத் தலைல இருந்து கால் வரைக்கும் தடவிப் பாத்தாங்க, சட்டை தைக்கிற மாதிரி. அப்புறம் என்கிட்ட வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "உங்களை நம்பித்தான் மேடம் அனுப்பியிருக்கேன், என் பிள்ளையைக் காப்பாத்திட்டீங்க"ன்னாங்க.

எனக்குக் கண்ணு எரிஞ்சுது. கண்மாய்ப் புழுதி அப்படி. அவங்க கழுத்துல தொங்குன அளவு நாடாவைக் கழட்டி, சுருட்டி, அவங்க கையில குடுத்தேன்.  

காரியாபட்டி தாண்டிட்டோமா? இன்னும் இல்லையா. சரி.

அடுத்த வாரம் வி.சி., அதான் துணைவேந்தர், கூட்டம் போட்டாரு. துறைத் தலைவருங்க எல்லாரும் வந்தாங்க. நானும் போனேன், குரூஸ் மேல நான் குடுத்த புகார் ஏற்கெனவே இருக்குல்ல. பேச்சு எப்படிப் போச்சுன்னா, சத்தமில்லாம முடிச்சிருக்க வேண்டிய விஷயத்தை இவரு ஊரைக் கூட்டிட்டாரு, யுனிவர்சிட்டி பேரு கெட்டுப் போச்சு, அதனால ஒப்பந்தத்தை இந்த மாசத்தோட முடிச்சிடலாம்னு. பிசிக்ஸ் பரந்தாமன் இருக்காரே, அவருதான் ஆரம்பிச்சாரு. "ஒரு பழைய பாட்டில் சார். எடுத்துக் கிணத்துல போட்டிருந்தா முடிஞ்சு போச்சு"ன்னாரு. குரூஸ் ஓரமா உக்காந்து மடியில கை வச்சுக்கிட்டு இருக்காரு.  போகச் சொன்னா "தேங்க்யூ"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருப்பாரு.

ரிஜிஸ்ட்ரார் என்னைப் பாத்தாரு. "மேடம்தான் முன்னாடியே சொன்னாங்க, இவரு இருந்தா ஆராய்ச்சி நடக்காதுன்னு"ன்னாரு.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்துச்சுன்னு தெரியல. எந்திரிச்சேன். "சொன்னேன். இப்பவும் சொல்றேன், இவரால எனக்கு நிம்மதி போச்சு. அதனால இவரு இங்கயே இருக்கணும்"னேன். எல்லாரும் முழிக்கிறாங்க. "என் பூவை எடுத்தாச்சு, என் தயிரை எடுத்தாச்சு, இந்த வயசுல எனக்கு ஷூ மாட்டியாச்சு. பரந்தாமன் சார் டிபார்ட்மென்ட்ல லிக்விட் நைட்ரஜன் ஊத்துற பொண்ணு இன்னும் ரப்பர் செருப்போட நிக்குது. அங்க போக வேண்டாமா இவரு? நான் மட்டும் கஷ்டப்படணும், நீங்கள்லாம் சுகமா இருக்கணுமா?"

பரந்தாமன் ஏதோ சொல்ல வந்தாரு. "கிணத்துல போட்டிருந்தாங்குறீங்களே, போட்டுப் பாத்திருக்கீங்களா?"ன்னேன். அப்புறம் வி.சி. கேட்டாரு, "அந்த மூடியைத் திறந்திருந்தா என்ன மேடம் ஆகியிருக்கும்?"னு.

கிளாஸ்ல சொல்ற மாதிரியே சொன்னேன். முதல்ல விரல். அப்புறம் கண்ணு. அப்புறம் அந்த அறை. இடையில நிறுத்தி, தண்ணி குடிச்சுட்டு மீதியைச் சொன்னேன். "அந்த மேசைல உக்காந்து எழுதுற பொண்ணோட அம்மா மேலூர்ல தையல் கடை வச்சிருக்காங்க"ன்னும் சொன்னேன். அது எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல, பாடத்துல அது கிடையாது.

 வி.சி. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ஒப்பந்தத்தை நீட்டிச்சுட்டாங்க. கையோட ஒரு பாதுகாப்புக் கமிட்டி, அதுக்குத் தலைவர் நான். இது குரூஸ் சாரோட வேலையாத்தான் இருக்கும்னு எனக்குச் சந்தேகம், ஆனா கேட்டா இல்லன்னுவாரு.

கமிட்டின்னு வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா ஏறி எறங்கினேன். என்னங்க ஜனங்க இவங்க. விலங்கியல்ல பாம்பு ஊற வச்ச ஸ்பிரிட் டப்பா பக்கத்துல ஊதுபத்தி. பரந்தாமன் ரூம்ல ஒரே பிளக்குல அஞ்சாறு மெஷின், அதுல தேநீர் கெட்டில் வேற. கேட்டா, "எங்க டிபார்ட்மென்ட்ல இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல மேடம்"ங்குறாரு. இப்படிப் பேசுறவங்களைப் பாத்தாலே எனக்கு ஆத்திரம் வருது. படிச்சவங்க பேசுற பேச்சா இது? குரூஸ் சார் பொறுமையா இருக்காரு. நான் இருக்க மாட்டேன். அந்த ஒத்திகையை மாசா மாசம் வைக்கணும்னு சொன்னதே நான்தான். வேப்பமரத்தடிக்கு வராதவங்க பேரை மைக்குல படிக்கிறது என் யோசனை. 'காலமானார்'னு சேத்துப் படிக்கச் சொன்னேன், அவரு மாட்டேன்னுட்டாரு.

ரஹ்மத் போன மாசம் பிஎச்.டி. வைவா முடிச்சுடுச்சு. அவங்க அம்மா எனக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுத்தாங்க. அளவே எடுக்கல. கண்ணால பாத்தே தைச்சிருக்காங்க, அப்படியே பொருந்துது.

இப்ப அருப்புக்கோட்டைல ஒரு காலேஜுல இருந்து கூப்பிட்டிருக்காங்க, அவங்க லேபை வந்து பாத்துச் சொல்லுங்கன்னு. குரூஸ் சாரைத்தான் கூப்பிட்டாங்க. அவரு தனியாப் போனா எல்லாத்துக்கும் நன்றி சொல்லிட்டு வந்துடுவாரு, கண்டிச்சுச் சொல்ல ஆள் வேணும்ல, அதான் நானும் கிளம்புனேன். எங்க இருக்காரா? அதோ, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு. தலை சாஞ்சிருக்கு பாருங்க, அந்த நீலக் கோட்டு. தூங்கட்டும். கேட்டாலும் பரவால்ல, அவருக்குத் தெரியாதது எதையும் நான் உங்ககிட்ட சொல்லல.

காலைல கிளம்பும்போது எங்க வீட்டுக்காரர் ஒரு டப்பா குடுத்து விட்டாரு, நான்தான் கட்டி வைக்கச் சொன்னேன். குரூஸ் சாருக்குத்தான், பக்குவமா வறுத்த மணத்தக்காளி வத்தல். அவங்க வீட்ல இன்னும் கசக்கத்தான் செய்யுதாம். எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் எண்ணெய் காயுறதுக்கு முன்னாடியே போடுறாங்க.

ஊர் வந்துடுச்சு போல. நீங்க உக்காருங்க, பஸ் முழுசா நிக்கட்டும், அப்புறம் எந்திரிங்க. இப்ப அவரு முழிச்சுத் திரும்பிப் பாப்பாரு. "பாத்து எறங்குங்க மேடம், கம்பியைப் பிடிச்சுக்கங்க"ன்னு சொல்லுவாரு. பச்சப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, இத்தனை ஜனத்துக்கு முன்னாடி. பதிலே சொல்ல மாட்டேன் நான்.

கம்பியைப் பிடிச்சுப்பேன்.